மடி இருக்கையாகுமா?

பாரிசில் மகன் வாடகைக் கார் எடுத்தபோது, பேரனுக்கான இருக்கைக்குத் தனிக் காசு கேட்டார்கள். "தண்டச் செலவு, என் மடி இருக்கிறதே" என்றேன். மகன் வாதாடவில்லை, விதியைப் பிரெஞ்சிலேயே படிக்கக் கொடுத்தான். 10 வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு உரிய இருக்கை வேண்டும். மீறினால் ஓட்டுபவருக்கு 135 யூரோ. காலமெல்லாம் கோப்பில் விதி எழுதியவன், வாயை மூடிக்கொண்டேன்.

இங்கேயும் 2019-லேயே 194-பி பிரிவு வந்துவிட்டது, 1000 ரூபாய் அபராதம். யார் மதிக்கிறோம்? முன் சீட்டில் தாத்தா மடியில் குழந்தை. அதைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் வேறு போடுகிறோம்! "நம் காலத்தில் இதெல்லாம் இருந்ததா?" என்பீர்கள். நம் காலத்தில் புதுச்சேரியில் ஓடியது சைக்கிள் ரிக்‌ஷா ஐயா! 50 கி.மீ. வேகத்தில் மோதினால் 12 கிலோ பேரனைப் பிடித்து நிறுத்த என் கையாலும் ஆகாது, உங்கள் கையாலும் ஆகாது.

அடுத்த மாதம் மகன் வருகிறான். இருக்கை வாங்கி வைத்துவிட்டேன். விலையைக் கேட்ட வீட்டுக்காரி இன்னும் பேசவில்லை.