வலிமையும் திறனும்

கைப்பந்தாட்டத்தில் காண்போர் உள்ளத்தை மிகுதியும் கவர்வது பந்தடியே. தோழி வலையருகே உயர்த்திக் கொடுத்த பந்தை ஒருத்தி எழும்பி ஓங்கி அடிக்கின்றாள். கண்ணிமைக்கும் நேரத்தில் அஃது எதிர்ப்புறத் தரையில் மோதுகின்றது. "என்ன கைவலிமை!" என்று பலரும் வியக்கின்றனர். ஆனால், அவ்வலிமை கையில் மட்டும் பிறந்ததன்று.

அது பிறக்குமிடம் கால்களே. ஓடிவந்த வேகத்தை அவள் முழங்கால் மடித்து, மேல்நோக்கிய விசையாக மாற்றுகின்றாள். எழும்பிய உடல் வில்போல் பின்வளைகின்றது. பின்னர், இடுப்பு முன்னே திரும்ப, தோளும் முழங்கையும் மணிக்கட்டும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்கின்றன. சாட்டையின் பிடியில் தோன்றும் அசைவு நுனியை எட்டும்போது பெருவிரைவு பெறுகின்றது அன்றோ? பந்தடியும் அத்தகையதே. கால்களும் இடுப்பும் ஆற்றவேண்டிய வேலையைத் தோள் ஒன்றே ஆற்றுமாயின், அடியும் தளரும், தோளும் நோகும்.

பெண்களுக்கு ஆட்டத்திறன் போதும், வலிமைப் பயிற்சி வேண்டா என்பாரும் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. ஆடவர்க்கு வலையின் உயரம் 2.43 மீட்டர், மகளிர்க்கு 2.24 மீட்டர். வலை தாழ்ந்ததேயன்றிப் பந்தின் எடை குறையவில்லை. இருபாலார்க்கும் அது 260 முதல் 280 கிராம் வரையே. மேலும், குதித்து இறங்கும்போது முழங்கால் தசைநார் அறுபடும் இடர் வளரிளம் பெண்களுக்கே மிகுதி. தொடைக்கும் இடுப்புக்கும் உரமூட்டி, முறையாக இறங்கக் கற்பித்தால் அவ்விடர் குறையும். எடைப் பயிற்சியால் வளர்ச்சி குன்றும் என்னும் அச்சமும் வேண்டுவதன்று. தேர்ந்தவர் மேற்பார்வையில், வயதுக்கேற்ற அளவில் செய்யும் பயிற்சி தீங்கு பயப்பதில்லை.

கியூபா நாட்டு மிரேயா லூயிஸ் இதற்குச் சிறந்த சான்றாவார். அவர் உயரம் 1.75 மீட்டரே. வலையருகே நின்று ஆடுவோருள் அது குறைவான உயரம். எனினும், அவர் எழும்பினால் வலைக்கு ஒரு மீட்டருக்கும் மேலே கை சென்று பந்தைச் சந்திக்கும். 1992, 1996, 2000 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் தங்கம் வென்ற கியூபா அணியில் அவர் இடம்பெற்றார். பிறப்பு அளிக்காத உயரத்தைக் கால்வலிமை அளித்தது.

வலிமை மட்டும் இருந்தால் போதுமோ? போதாது. நொடிப்பொழுது முந்தி எழும்பினால் பந்து கைக்கு எட்டாது. பிந்தினால் வலையில் சிக்கும். தடுப்போர் கைகளை நோக்கி, வெற்றிடம் அறிந்து அடிப்பதே திறன். ஆதலின், இளம் பெண்களை நாள்தோறும் நூற்றுக்கணக்கான பந்துகளை அடிக்கச் செய்வது மட்டும் பயிற்சியாகாது. அது தோளைத் தேய்க்கும். அமர்ந்தெழுதல், அளவாகக் குதித்தல், உடலின் நடுப்பகுதிக்கு உரமூட்டல், போதிய ஓய்வு ஆகியவற்றோடு அடிக்கும் முறையையும் சேர்த்துக் கற்பித்தலே நன்று.

திறனற்ற வலிமை குறி தவறும். வலிமையற்ற திறன் குறியை எட்டாது. இரண்டையும் ஒருங்கே பெறுதல் ஆடவர்க்கு மட்டும் உரியதன்று, மகளிர்க்கும் உரியதே.