முடங்கிய ஊழியருக்கு யார் பொறுப்பு?

புது தில்லி: உழைக்கும் வயதில் ஒருவர் நிரந்தரமாக முடங்கிவிட்டால் அவரது குடும்பத்துக்கு மாத வருமானம் கிடைக்குமா? யாரிடம் பணிபுரிந்தார், எவ்வளவு ஊதியம் பெற்றார், எதனால் முடங்கினார் என்பதைப் பொருத்தே இதற்கான விடை அமைகிறது. அவரால் இனி உழைக்க முடியுமா என்ற அடிப்படைக் கேள்வி பின்னுக்குத் தள்ளப்படுகிறது.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20-வது பிரிவு, விலக்கு பெற்றவை நீங்கலான அரசு நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. பணிக்காலத்தில் உடல்குறைபாடு நேர்ந்த ஊழியரை அவை நீக்கவோ, பதவியிறக்கம் செய்யவோ முடியாது. தனியார் நிறுவனங்களுக்கு இக்கடமை இல்லை.

தனியார் ஊழியருக்கு ஓரளவு கைகொடுப்பது இஎஸ்ஐ திட்டம். பணியில் நேர்ந்த விபத்தால் முற்றிலும் முடங்கியவருக்கு ஊதியத்தில் 90 சதவீதம் வரை மாதந்தோறும் வழங்கப்படுகிறது. பகுதி ஊனம் எனில், உழைப்புத் திறன் இழப்பின் அளவை மருத்துவ வாரியம் நிர்ணயிக்கும். ஆனால், காசநோய், புற்றுநோய் போன்ற 34 நீண்டகால நோய்களுக்கு 80 சதவீத ஊதியம் அதிகபட்சம் இரண்டு ஆண்டுகளே. 2017-இல் 21,000 ரூபாயாக உயர்த்தப்பட்ட ஊதிய உச்சவரம்பு, நடுத்தர ஊழியர் பலரை வெளியே நிறுத்திவிடுகிறது.

அவர்களுக்கு எஞ்சுவது நிறுவனம் எடுக்கும் குழு விபத்துக் காப்பீடு. பெயருக்கேற்ப அது விபத்துக்கு மட்டுமே. பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ அதில் அடங்காது. மூலப் பத்திரம் முதலாளியிடம் இருப்பதால் நிபந்தனைகளும் கெடுவும் ஊழியருக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. வேலை போனால் காப்பீடும் போய்விடும்.

அளவுகோல்களும் ஒன்றல்ல. அரசு சலுகைகளுக்கு 40 சதவீத ஊனச் சான்று போதும். 1995-ஆம் ஆண்டு தொழிலாளர் ஓய்வூதியத் திட்டமோ 'நிரந்தர, முழுமையான' முடக்கத்தையே ஏற்கிறது. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தனி வரையறை. ஓரிடத்தில் செல்லுபடியாகும் சான்று மற்றோரிடத்தில் நிராகரிக்கப்படுவது இதனால்தான்.

2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பணியுடனான தொடர்பு நிறுவப்பட்டால், பணிக்குச் செல்லும் வழியில் நேரும் விபத்தையும் இழப்பீட்டு வரம்புக்குள் சேர்த்துள்ளது. இது முன்னேற்றமே. எனினும், தொழில் சாராத நோயால் முடங்கும் தனியார் ஊழியருக்கு நிலையான வருமானம் என்ற உறுதி அதிலும் இல்லை.

2020 செப்டம்பரில் எதிர்க்கட்சிகள் அவையைப் புறக்கணித்திருந்த வேளையில் மாநிலங்களவையில் நிறைவேறிய சட்டம் இது. அன்று புறக்கணித்தவர்களும் நிறைவேற்றியவர்களும் இப்போதாவது இக்குறையை அவையில் எழுப்ப வேண்டும். முடங்கியவர் எதனால் முடங்கினார் என்று பசி கேட்பதில்லை. சட்டமும் கேட்கக் கூடாது.