எப்படி இறந்தார் என்று கேட்கும் உரிமை: எங்கள் நிலைப்பாடு

தன் காலில் நடந்துபோய் அட்மிட் ஆனவர் மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில் பிணமாக வீடு திரும்புகிறார். "நல்லாத்தானே இருந்தாரு, என்ன ஆச்சு?" என்பதுதான் வீட்டார் முதலில் கேட்பது. நஷ்டஈட்டுப் பேச்சு பிறகுதான் வரும்; பல வீடுகளில் வருவதே இல்லை. அந்த முதல் கேள்விக்கு எழுத்தில், தமிழில், குறிப்பிட்ட நாட்களுக்குள் பதில் சொல்வதை மருத்துவமனையின் சட்டக் கடமையாக்க வேண்டும் என்பதே நோயாளர் உரிமைக்காகப் பணியாற்றும் எங்கள் அமைப்பின் நிலைப்பாடு. இன்று பதில் வேண்டுமென்றால் வழக்குப் போட வேண்டியிருக்கிறது. வழக்குப் போட வேண்டுமென்றாலோ, பதிலில் பாதியாவது முன்பே கையில் இருக்க வேண்டியிருக்கிறது.

முதல் சில மணி நேரம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. சந்தேகம் இருந்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவின்படி போலீசார் விசாரித்து, உடலை ஜி.எச்.சுக்குப் போஸ்ட்மார்ட்டத்துக்கு அனுப்பலாம். அழுதுகொண்டிருக்கும் குடும்பத்துக்கு இதை யார் சொல்கிறார்கள்? "சாவில் சந்தேகம் இல்லை" என்று எழுதி வாங்குவதில் காட்டும் வேகம், விளக்கம் சொல்வதில் இல்லை. உடலை எரித்துவிட்டால் மிஞ்சுவது காகிதம் மட்டுமே. எல்லா மரணத்துக்கும் போஸ்ட்மார்ட்டம் வேண்டும் என்று நாங்கள் கேட்கவில்லை. கையெழுத்து வாங்குவதற்கு முன், அப்படி ஒரு வழி இருப்பதைச் சிகிச்சை அளித்த மருத்துவரே நேரில் சொல்ல வேண்டும் என்கிறோம்.

காகிதத்துக்கு வருவோம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தில் 2023இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி, மருத்துவமனையில் நிகழும் மரணத்துக்கான காரணச் சான்றிதழின் ஒரு பிரதியை நெருங்கிய உறவினருக்கும் தர வேண்டும். இது பலருக்குத் தெரியாது. கிடைத்தாலும், "இதயமும் சுவாசமும் நின்றதால்" என்ற ஒற்றை வரியைப் பல சான்றிதழ்களில் பார்க்கிறோம். சாகிற எல்லோருக்கும் இதயம் நிற்கத்தான் செய்யும். எதனால் நின்றது என்பதுதான் கேள்வி. அதை எழுதாத சான்றிதழைப் பதிவாளர் ஏற்கக் கூடாது.

அடுத்தது கேஸ் ஷீட். இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு ஒழுங்குமுறை விதிகளின்படி, கேட்ட 72 மணி நேரத்துக்குள் அதைத் தர வேண்டும். 3 ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். நடைமுறையிலோ "பில்லை செட்டில் பண்ணுங்க", "கோர்ட் ஆர்டர் கொண்டு வாங்க" என்று அலைக்கழிப்பு. சில வாரம் கழித்து வருவது டிஸ்சார்ஜ் சம்மரி மாதிரி இரண்டு பக்கம். எங்களிடம் வந்த ஒரு குடும்பம் விடாமல் கேட்டு வாங்கிய நர்ஸ் சார்ட்டில், இரவு 2 மணிக்கு நாடித்துடிப்பு 128 என்று இருந்தது. அடுத்த பதிவு காலை 5.30க்கு. நடுவில் வெற்றுக் கட்டங்கள். அது கவனக்குறைவா, எழுத மறந்ததா என்பதை நாங்கள் தீர்மானிக்க முடியாது. ஆனால் கேட்க வேண்டிய கேள்வி அந்தக் கட்டங்களில்தான் இருந்தது. ஆகவே நர்ஸ் சார்ட், மருந்துச் சார்ட், ஐ.சி.யு. பதிவுகள் உட்பட மொத்தக் கோப்பையும் பக்க எண் இட்டு, உடலோடு அன்றே தர வேண்டும். பில் பாக்கிக்காக உடலையோ கோப்பையோ பிடித்துவைப்பதை எந்த நிலையிலும் ஏற்க மாட்டோம்.

மருத்துவரைக் கைது செய் என்ற முழக்கத்தில் எங்களுக்கு உடன்பாடு இல்லை. ஜேக்கப் மேத்யூ வழக்கில் 2005இல் உச்ச நீதிமன்றம், மிகக் கடுமையான அலட்சியம் இருந்தால்தான் குற்ற வழக்கு என்றும், அதற்கு முன் வேறொரு மருத்துவரின் நடுநிலையான கருத்தைப் பெற வேண்டும் என்றும் சொன்னது. அது நியாயம். ஆனால் அந்தக் கருத்தை யாரிடம் போய்க் கேட்பது? ஒரே ஊரில் தொழில் செய்யும் மருத்துவர்கள் ஒருவருக்கு எதிராக ஒருவர் எழுதித் தரத் தயங்குவார்கள். எனவே வெளிமாவட்ட மருத்துவர்களைக் கொண்ட நிரந்தரக் குழுவை அரசு அமைத்து, குடும்பத்தின் கேள்விகளையும் வாங்கி, 90 நாளில் அறிக்கை தரச் செய்ய வேண்டும். மகப்பேறு மரணங்களைத் தணிக்கை செய்யும் நடைமுறை தமிழ்நாட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறது. மற்ற எதிர்பாராத மரணங்களுக்கும் அதை விரிக்க முடியாதா?

1998இல் மருத்துவ அலட்சியத்தால் மனைவியை இழந்த குணால் சாஹாவுக்கு உச்ச நீதிமன்றத்தின் இழப்பீட்டுத் தீர்ப்பு 2013இல்தான் வந்தது. வட்டி தவிர சுமார் 5.96 கோடி ரூபாய். அவர் தாமே ஒரு மருத்துவர். அவருக்கே 15 ஆண்டு என்றால், கேஸ் ஷீட்டில் ஒரு வரியும் புரியாத விவசாயக் கூலிக்கு? நுகர்வோர் ஆணையத்துக்கு 2 ஆண்டுக்குள் போக வேண்டும். எல்லோருக்கும் இலவசமாகச் சிகிச்சை தரும் அரசு மருத்துவமனைகளோ, 1995ஆம் ஆண்டு சாந்தா வழக்குத் தீர்ப்பின்படி அதன் வரம்புக்குள்ளேயே வராது. மிகவும் ஏழைகளுக்கே இந்தக் கதவு மூடியிருப்பது எங்களைக் கோபப்படுத்துகிறது. மருத்துவர் மீதான புகாரில் மாநில மருத்துவக் கவுன்சில் எடுக்கும் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யும் உரிமையையும் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 30ஆம் பிரிவு மருத்துவருக்குத்தான் தருகிறது. புகார் கொடுத்த குடும்பத்துக்கும் அந்த உரிமை வேண்டும்.

2024 நவம்பரில் கிண்டி அரசு மருத்துவமனையில், தாயின் சிகிச்சையில் குறைகண்ட மகன் ஒருவர் மருத்துவரைக் கத்தியால் குத்தினார். எந்தத் துயரமும் அதை நியாயப்படுத்தாது. மருத்துவர்களின் இன்னோர் அச்சம் எங்களுக்குப் புரிகிறது: மனம் திறந்து பேசினால் அதுவே நீதிமன்றத்தில் ஒப்புதல் வாக்குமூலம் ஆகிவிடும் என்பது. விளக்கம் சொன்னதையோ வருத்தம் தெரிவித்ததையோ மட்டும் வைத்து அலட்சியத்துக்குச் சாட்சியமாகக் கொள்ளக் கூடாது என்று சட்டத்திலேயே எழுத வேண்டும். இதைக் குடும்பங்களின் சார்பில்தான் கேட்கிறோம்.

சட்டம் மாறும்வரை குடும்பங்களுக்கு ஒரு வேண்டுகோள். காரணச் சான்றிதழையும் கேஸ் ஷீட்டையும் வாயால் கேட்காதீர்கள். தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கொடுத்து, நகலில் முத்திரையும் கையெழுத்தும் வாங்குங்கள். வாங்க மறுத்தால் அன்றே ஒப்புகையுடன் தபாலில் அனுப்புங்கள். 72 மணி நேரம் அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்ததிலிருந்து ஓடத் தொடங்கும்.