கொல்லைப்புறத்து எலுமிச்சை

காரைக்குடியிலிருந்து ஓர் ஆச்சி நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். கொல்லையில் பன்னிரண்டு வருஷமாக நின்ற எலுமிச்சை மரம். வீட்டுக்கு ஊறுகாய் போட்டது போக அண்டை வீட்டாருக்கும் மிஞ்சும்படி காய்த்த மரம். அது இப்போது இலை பழுத்து, கிளை நுனியிலிருந்து காய்ந்து வருகிறதாம். அடிமரத்தில் பிசின் கசிகிறதாம். கொடைக்கானல் போய் வந்த பேத்தியோ, "இதை வெட்டிவிட்டு வெண்ணெய்ப் பழம் வைக்கலாம், அப்பத்தா" என்கிறாளாம்.

ஆச்சி எழுதாமல் விட்ட ஒரு விஷயத்தை நாமே ஊகித்துச் சொல்லுகிறோம். பாத்திரம் கழுவுகிற ஜலமெல்லாம் அந்த மரத்தடியில்தான் போய் நிற்கும்! செட்டிநாட்டுச் செம்பொறை மண்ணில் சற்றுத் தோண்டினாலே பாறை போன்ற அடுக்கு தட்டும். மேலே விட்ட ஜலம் கீழே இறங்க வழியின்றித் தேங்கும். வேருக்குக் காற்று வேண்டும்; அது கிடைக்காத இடத்தில் பைட்டோப்தோரா என்னும் கிருமி புகுந்து வேரையும் பட்டையையும் அழுக வைக்கும். பிசின் அதன் அடையாளம். மரம் வாடுகிறதே என்று நாம் இன்னும் இரண்டு குடம் ஊற்றுகிறோம்.

செய்ய வேண்டியது இது. அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளிச் சிறு வரப்புக் கட்டி, அதற்கு வெளியே, கிளை நிழல் விழும் வட்டத்தில் மட்டும் ஜலம் விடவேண்டும். அழுகிய பட்டையைச் சீவி எடுத்துவிட்டு போர்தோக் குழம்பைப் பூசவேண்டும். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் ஜலத்தில் மண்பானையில் கரைத்து, 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை வேறு அரை லிட்டரில் நீற்றி, இரண்டையும் கலந்தால் குழம்பு தயார். உலோகப் பாத்திரம் ஆகாது. மயில்துத்தம் விஷம், குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. முட்டையும் சுண்ணாம்பும் கொண்டு சுவரைக் கண்ணாடியாக்கிய ஊருக்கு நாம் சுண்ணாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த மருந்து பிறந்த கதை வேடிக்கையானது. பிரான்ஸ் தேசத்தில் திருடர்களை மிரட்டுவதற்காகச் சாலையோரத் திராட்சைக்கு இந்தக் கலவையைப் பூசினார்கள். பூசிய கொடிகளை நோய் அண்டவில்லை என்று மில்லார்தே என்ற பேராசிரியர் கண்டு, 1885-ல் உலகுக்கு வெளியிட்டார்.

வெண்ணெய்ப் பழம்? அது பழனி மலைச் சரிவில், தாண்டிக்குடிப் பக்கத்தில் சுகமாக வளர்கிறது. தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தார் டி.கே.டி.1 என்று ஒரு ரகமே கண்டிருக்கிறார்கள். காரைக்குடியின் சித்திரை வெயிலை அது தாங்காது. தவிர, தேங்கிய ஜலத்தில் எலுமிச்சையைக் கொல்லும் கிருமியின் இனமே வெண்ணெய் மரத்துக்கும் பரம சத்துரு. எலுமிச்சை பிழைக்காத குழியில் அதுவா பிழைக்கும்?

ஆச்சியின் மரத்தில் பட்டை சுற்றிலும் அழுகியிருந்தால் நம் வைத்தியம் பலிக்காது. ஆனால் மரத்தில் இன்னும் நாலைந்து பழம் இருப்பதாக எழுதியிருக்கிறாரே, அது போதும். எலுமிச்சை வித்தில் ஓர் அதிசயம் உண்டு. ஒரே வித்திலிருந்து இரண்டு மூன்று முளை வரும். அவற்றில் செழிப்பாக, ஒன்றுபோல வளர்பவை பெரும்பாலும் தாய் மரத்தின் அசல் பிரதிகள். நோஞ்சானைப் பிடுங்கி எறிந்துவிடலாம். வித்தைக் காயவிடாமல் பழத்திலிருந்து எடுத்தவுடன் பேத்தியே விதைக்கட்டும். காய்க்க நாலைந்து வருஷம் ஆகும். பழைய மரம் நின்ற குழியில் மட்டும் நடவேண்டாம். அந்தக் கிருமி மண்ணில் வெகு காலம் காத்துக் கிடக்கும்.