எந்த நார்?

மும்பையில் டோம்பிவிலியிலிருந்து சிஎஸ்எம்டிக்கு ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் போனாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வண்டியில் கழிவறை கிடையாது. வயிறு சரியில்லாதவர்களுக்கு அந்த ஒரு மணி நேரம் எப்படிப் போகும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். காலையில் ஒன்றும் சாப்பிடாமல், மறுபடி ஒருமுறை கழிவறையை எட்டிப் பார்த்துவிட்டு ஸ்டேஷனுக்கு ஓடுகிறார்கள். வெளியே சொல்ல வெட்கம். டாக்டர் ஐபிஎஸ் (IBS), அதாவது எரிச்சல் குடல் நோய்க்குறி, என்கிறார். குடலுக்குள் குழாய் விட்டுப் பார்த்தால் புண் இல்லை, கட்டி இல்லை. வலி மட்டும் நிஜம்.

மாட்டுங்கா பெரியம்மா முதல் ஆபீஸ் நண்பர் வரை எல்லாரும் தரும் வைத்தியம், "நார்ச்சத்து சாப்பிடு." எந்த நார் என்று யாரும் சொல்வதில்லை. எனக்கு அதில்தான் கோபம்.

நெதர்லாந்தில் 275 ஐபிஎஸ் நோயாளிகளை மூன்று பிரிவாக்கி, 12 வாரம், தினம் 10 கிராம் வீதம் ஒரு பிரிவுக்கு இசப்கோல் உமி, ஒன்றுக்குக் கோதுமைத் தவிடு, மற்றதற்கு வெறும் அரிசி மாவு கொடுத்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. இசப்கோல் கேட்டது. தவிடு சாப்பிட்டவர்களில் பலர் உபாதை கூடிப்போய்ப் பாதியிலேயே விலகினார்கள். தவிடு தண்ணீரில் கரையாது. இசப்கோல் ஊறிக் கூழாகி, இறுகியதை இளக்கும், இளகியதைக் கட்டும். வாயுவும் அதிகம் கிளப்பாது.

உலகம் முழுக்கப் போகும் இந்த உமி நம் பக்கத்து குஜராத்துச் சரக்கு. உஞ்ஜா சந்தையில் மூட்டை மூட்டையாக விலைபோகிறது.

நார் மட்டுமல்ல, மற்ற சாப்பாட்டிலும் கவனம் வேண்டும். வெங்காயம், பூண்டு, ராஜ்மா எல்லாம் பெருங்குடலில் புளித்து வயிற்றை ஊதவைக்கும் என்கிறார்கள் மெல்போர்ன் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். வெங்காயம் சேர்க்காத வீட்டார் பெருமைப்பட வேண்டாம். உங்கள் கொண்டைக்கடலைச் சுண்டலும் அந்தப் பட்டியலில் உண்டு. பெருங்காயத்துக்குத் தடையில்லை.

இசப்கோலை எடுத்த எடுப்பில் இரண்டு ஸ்பூன் போடாதீர்கள். அரை ஸ்பூனில் ஆரம்பித்து, வாரக்கணக்கில் மெதுவாகக் கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் கட்டாயம். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, தூக்கத்தைக் கலைக்கும் வயிற்றுப்போக்கு, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கிய தொல்லை, இதில் எது இருந்தாலும் பெரியம்மாவையும் என்னையும் விட்டுவிட்டு முதலில் டாக்டரைப் பாருங்கள்.