பேய் நகரம் அன்று

கோலார் தங்கவயலை இணையத்தில் தேடுவோர் முதலில் காண்பவை துருவேறிய சுரங்கக் கோபுரங்கள், சயனைடு மண்மேடுகள், கூரை சரிந்த வெள்ளையர் பங்களாக்கள். பெரும்பாலான படங்களில் மனிதர் இல்லை. இருந்தாலும், மேட்டின் உயரத்தைக் காட்டுவதற்கான கரும்புள்ளிகளாகவே நிற்கின்றனர். 'பேய் நகரம்' என்னும் பெயருக்கு இப்படங்களே சான்றாகிவிடுகின்றன.

விடியற்காலையில் மாரிக்குப்பம் இரயில் நிலையத்தைக் காண்போருக்கு அப்பெயரின் பொய்ம்மை விளங்கும். பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. மூன்று கிலோமீட்டருக்கும் கூடுதலான ஆழம்வரை சென்ற சுரங்கங்களில் உழைத்தோரின் பிள்ளைகள், இன்று ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் வேலைக்குச் சென்று திரும்புகின்றனர். தங்கம் நின்றது, ஊர் நிற்கவில்லை. ஆளற்றதாகக் காட்டப்படும் நிலத்தைப் பற்றி, அங்கு வாழ்வோரைக் கேளாமலே முடிவெடுப்பது எளிது. ஆகவே இது வெறும் அழகியல் சிக்கல் அன்று.

தெருவில் நடப்போரின் முகங்களைக் கொண்டு ஊரைக் காட்டும் புகைப்படக் கலை இங்குத் தேவைப்படுகிறது. ஆனால் அதற்கும் ஓர் எச்சரிக்கை உண்டு. தமிழில் படத்தை 'எடுக்கிறோம்' அல்லது 'பிடிக்கிறோம்'. கைரேகையையும் 'எடுக்கிறோம்'. வட ஆர்க்காட்டிலிருந்தும் பிற பகுதிகளிலிருந்தும் வந்து இங்கு உழைத்த தொழிலாளர், 1930இல் கட்டாயக் கைரேகைப் பதிவை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். உழைப்பை விற்றவர்கள், தம் உடலின் அடையாளத்தை நிருவாகம் எடுத்துவைத்துக்கொள்வதை ஏற்கவில்லை. கேளாமல் முகத்தை எடுத்துச்செல்லும் கேமராவும் அதே கேள்விக்கு உரியது.

கேட்டுவிட்டால் இயல்புத்தன்மை கெடும் என்பது தெருப் புகைப்படக் கலைஞர் பலர் கூறும் மறுப்பு. அதில் உண்மை இல்லாமல் இல்லை. அறியாத கணத்தில் பதிவாகும் முகத்துக்குத் தனி உயிர் உண்டு. எனினும், பலமுறை வந்து பழகியவரின் முன்னால் மக்கள் கேமராவை மறந்துவிடுவதும் உண்மையே. மதுரை மாவட்டத்தைச் சேர்ந்த எம். பழனிக்குமார் இதற்குச் சான்று. மீன் விற்று வாழ்ந்த தம் தாயையும், தூய்மைப் பணியாளர்களையும் ஆண்டுக்கணக்கில் படமெடுத்த அவருக்கு, 2022இல் தயானிதா சிங்–பாரி ஆவணப் புகைப்பட விருது முதன்முதலாக வழங்கப்பட்டது. அவர் படங்களிலுள்ளோர் இரக்கத்துக்குரிய பொருள்களாக அல்லாமல், நம்மை நேர்கொண்டு நோக்கும் மனிதர்களாகத் தெரிகின்றனர்.

தங்கவயலுக்கும் அத்தகைய கேமரா வேண்டும். அது அவ்வூர்ப் பிள்ளைகளின் கையில் இருப்பின் இன்னும் நன்று. இராபர்ட்சன்பேட்டைச் சந்தையில் காய்கறி வாங்குவோர், ஆண்டர்சன்பேட்டையில் பேருந்துக்குக் காத்திருப்போர், இரவு இரயிலிலிருந்து இறங்கி வீடு திரும்புவோர் ஆகியோரே அந்நகரத்தின் முகம். எடுத்த படத்தின் ஒரு படி அவர்கள் வீட்டுச் சுவருக்கும் போய்ச் சேர வேண்டும்.