66 ஆயிரம் நாற்காலிகள்... யார் உட்கார?

புதிதாக ஒரு கால்பந்து ஸ்டேடியம் கட்டி முடித்தால் எல்லோரும் முதலில் பார்ப்பது அதன் கூரையையும் விளக்குகளையும்தான். எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்பார்கள். எவ்வளவு கோடி செலவு என்று கேட்பார்கள். அங்கே விளையாடப்போகும் கிளப் தொடர்ந்து பத்து ஆட்டம் தோற்றால் எத்தனை பேர் வருவார்கள் என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. கேட்டால், நல்ல காரியம் நடக்கும்போது அபசகுனமாகப் பேசாதே என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

ஆனால் ஒரு ஸ்டேடியத்தின் தலையெழுத்தை எழுதுவது அந்தக் கேள்விதான். இதற்கு நல்ல உதாரணம் ஜெர்மனியின் மியூனிக் நகரத்தில் இருக்கிறது. ஒரே ஊர், ஒரே கட்டடம், ஒரே புல்தரை. இரண்டு கிளப்புகள் சேர்ந்து கட்டின. ஒன்று அதனால் கொழித்தது. இன்னொன்று ஒரே வருடத்தில் தன் பங்கை விற்றுவிட்டு, கடைசியில் வெளியே போய்விட்டது.

முன்கதை

மியூனிக்கில் இரண்டு பெரிய கால்பந்து கிளப்புகள். ஒன்று உலகம் முழுக்கத் தெரிந்த பேயர்ன் மியூனிக். இன்னொன்றின் பெயர் 1860 மியூனிக். வருடக் கணக்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், கிளப்பின் பெயரே அதுதான். அதன் ரசிகர்கள் தங்கள் அணியைச் 'சிங்கங்கள்' என்று அழைப்பார்கள். இதைச் சின்ன கிளப் என்று நினைத்துவிடக் கூடாது. 1963ல் பூண்டஸ்லிகா தொடங்கியபோது அதில் இடம் கிடைத்தது சிங்கங்களுக்குத்தான், பேயர்னுக்கு இல்லை! 1966ல் சாம்பியன் பட்டமும் வாங்கினார்கள். பேயர்ன் தன் முதல் பூண்டஸ்லிகா பட்டத்தை வாங்கியது 1969ல்.

இரண்டு கிளப்புகளும் 1972 ஒலிம்பிக்குக்காகக் கட்டிய ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் விளையாடிக்கொண்டிருந்தன. கூடாரம் போல வளைந்து நிற்கும் கூரையுள்ள, உலகப் புகழ்பெற்ற கட்டடம் அது. 1974 உலகக் கோப்பையின் இறுதி ஆட்டமே அங்கேதான் நடந்தது. ஆனால் கால்பந்து பார்க்க அவ்வளவு வசதியான இடம் இல்லை. நடுவில் ஓட்டப்பந்தயப் பாதை இருப்பதால் ரசிகர்கள் ஆட்டத்திலிருந்து வெகு தூரத்தில் உட்கார வேண்டும். கூரையும் எல்லா இருக்கைகளையும் மூடாது. டிசம்பர் மாதக் குளிரில், மழையில் அங்கே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பதை யோசித்துப் பாருங்கள்.

அதையே மாற்றிக் கட்டலாம் என்று முதலில் ஒரு திட்டம் வந்தது. கலைச்சின்னத்தைச் சிதைக்கக் கூடாது என்ற எதிர்ப்பில் அது கைவிடப்பட்டது. 2006 உலகக் கோப்பையை நடத்தும் வாய்ப்பு 2000ல் ஜெர்மனிக்குக் கிடைத்ததும், கால்பந்துக்கு மட்டுமே என்று புதிய ஸ்டேடியம் ஒன்றைக் கட்டும் பேச்சு சூடு பிடித்தது.

இங்கே மியூனிக் நகரத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். 2001 அக்டோபர் 21 அன்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 65.7 சதவீதம் பேர் வேண்டும் என்றார்கள். செலவையும் தெளிவாகப் பிரித்துக்கொண்டார்கள். ஸ்டேடியத்துக்கான 34 கோடி யூரோ கிளப்புகளின் பொறுப்பு, இரண்டுக்கும் பாதிப் பாதி. சாலை, மெட்ரோ நிலைய விரிவாக்கம் போன்ற சுற்று வேலைகளுக்கு அரசுத் தரப்பிலிருந்து ஏறக்குறைய 21 கோடி யூரோ. மக்களைக் கேட்டாயிற்று, கணக்கும் எழுதியாயிற்று. பிறகு எங்கே தவறு நடந்தது?

ரப்பர் படகு

நகரத்தின் வடக்கு ஓரத்தில் எழுந்த அந்தக் கட்டடத்தின் பெயர் அலியான்ஸ் அரீனா. அலியான்ஸ் என்பது காப்பீட்டு நிறுவனம், பெயர் உரிமைக்காக அது கிளப்புகளுடன் நீண்ட கால ஒப்பந்தம் போட்டது. வடிவமைத்தவர்கள் சுவிட்சர்லாந்தின் ஹெர்சோக் - டி முரோன் நிறுவனத்தார்.

வெளிச்சுவரில் செங்கல்லும் இல்லை, கண்ணாடியும் இல்லை. மெல்லிய பிளாஸ்டிக் தாளால் செய்த 2,700க்கும் மேற்பட்ட காற்றுத் தலையணைகள்தான் சுவரும் கூரையும். தாளின் கனம் வெறும் 0.2 மில்லிமீட்டர். உள்ளே விளக்கு போட்டால் முழுக் கட்டடமும் நிறம் மாறும். பேயர்ன் விளையாடினால் சிவப்பு, சிங்கங்கள் விளையாடினால் நீலம், ஜெர்மனி தேசிய அணி விளையாடினால் வெள்ளை. ஊர்க்காரர்கள் இதற்கு வைத்த செல்லப் பெயர் 'ரப்பர் படகு'.

உள்ளே மூன்று அடுக்குகள். ஓட்டப்பந்தயப் பாதை கிடையாது, எங்கே உட்கார்ந்தாலும் ஆட்டம் பக்கத்தில் நடப்பது போல இருக்கும். எல்லா இருக்கைக்கும் மேலே கூரை உண்டு. வெளியே 9,800 வண்டிகள் நிற்க இடம். வசதியில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தலையணைகளுக்குள் காற்றின் அழுத்தம் குறையாமல் இயந்திரங்கள் காற்றை அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். ஆட்டம் இருக்கிறதா இல்லையா, கூட்டம் வந்ததா இல்லையா என்று அந்த இயந்திரங்களுக்குத் தெரியாது. நவீன ஸ்டேடியம் முழுவதுமே இப்படித்தான். சுற்றிலும் உயரமான அடுக்குகள் வெயிலை மறைப்பதால் புல்லுக்குச் செயற்கை வெளிச்சம் காட்ட வேண்டும். காவலர், துப்புரவுப் பணியாளர், மின்சாரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கடன் தவணை. 20 ஆயிரம் பேர் வந்தார்கள் என்பதற்காக வங்கி தவணையைக் குறைத்துக்கொள்ளாது.

நல்ல வருடத்தின் கனவு

சிங்கங்கள் ஏன் இவ்வளவு பெரிய கட்டடத்தில் பாதிப் பங்குக்குத் துணிந்தார்கள்? 1999-2000 பருவத்தில் அவர்கள் பூண்டஸ்லிகாவில் நான்காவது இடம் பிடித்தார்கள். சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்று வரை போனார்கள். இனி ஏறுமுகம்தான் என்ற நம்பிக்கை அந்த நேரத்தில் வருவது இயல்பு. கனவு பெரிதானது, கையெழுத்தும் போட்டாயிற்று.

கட்டுமானம் நடக்கும்போதே எல்லாம் தலைகீழானது. 2004ல் கிளப் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. அதே வருடம் கட்டுமான ஒப்பந்தத்தில் 28 லட்சம் யூரோ லஞ்சம் கைமாறிய விவகாரம் வெடித்தது. மாட்டியது ஸ்டேடியம் நிறுவனத்தின் நிர்வாகி, கிளப் தலைவரின் மகன். தலைவர் பதவி விலகினார். மகனுக்கு 2005ல் நீதிமன்றம் சிறைத்தண்டனை கொடுத்தது.

2005 மே 30 அன்று ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம். விளையாடியவர்கள் சிங்கங்கள்தான், எதிரணி நியூரம்பர்க். 3-2 என்று ஜெயித்தார்கள். கட்டடம் முழுக்க நீல வெளிச்சம், 66 ஆயிரம் இருக்கைகள். ஆனால் அந்தக் கிளப் அப்போது இரண்டாம் பிரிவில்!

அடுத்த வருடமே, 2006 ஏப்ரலில், பணம் இல்லாமல் தன் பாதிப் பங்கை 1.1 கோடி யூரோவுக்குப் பேயர்னிடம் விற்றது. சொந்தக்காரராக உள்ளே வந்தவர்கள் வாடகைக்காரர்களாக மாறினார்கள். பிறகு பதினோரு வருடம் இரண்டாம் பிரிவு ஆட்டங்கள் அங்கே நடந்தன. பல ஆட்டங்களுக்கு 20 ஆயிரத்தைச் சுற்றித்தான் கூட்டம். நிரம்பியிருந்தால் காது கிழியும் கட்டடம், காலியாக இருந்தால் கல்யாணம் முடிந்த மறுநாள் மண்டபம் மாதிரிதான் இருக்கும்.

2017ல் இரண்டாம் பிரிவிலிருந்தும் இறங்கும் நிலை. யான் ரேகன்ஸ்பர்க் என்ற மூன்றாம் பிரிவு அணியோடு வாழ்வா சாவா ஆட்டம். அன்று மட்டும் 60 ஆயிரத்துக்கும் மேல் கூட்டம். 0-2 என்று தோற்றார்கள். கோபத்தில் ரசிகர்கள் இருக்கைகளைப் பிய்த்து எறிந்ததில் ஆட்டம் சிறிது நேரம் நின்றது. அந்த நாள் 2017 மே 30. ஸ்டேடியத்தில் முதல் ஆட்டம் ஆடி சரியாகப் பன்னிரண்டு வருடம்! அதன் பிறகு மூன்றாம் பிரிவுக்கான உரிமமும் கிடைக்காமல் நான்காம் பிரிவுக்குப் போனார்கள். அரீனாவிலிருந்தும் வெளியேறினார்கள்.

அதே கட்டடம், வேறு கணக்கு

இப்போது பேயர்னைப் பார்க்கலாம். அதே அரீனாவில் அவர்களின் ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடைப்பதே குதிரைக்கொம்பு. 25 வருடத்தில் கட்ட வேண்டிய கடனை ஒன்பதரை வருடத்தில், 2014லேயே கட்டி முடித்துவிட்டதாக அறிவித்தார்கள். அதே வருடம் அலியான்ஸ் நிறுவனம் கிளப்பில் 8.33 சதவீதப் பங்கை 11 கோடி யூரோவுக்கு வாங்கியதும் இதற்கு உதவியது. உலகக் கோப்பையின் தொடக்க ஆட்டம் (2006), சாம்பியன்ஸ் லீக் இறுதி ஆட்டங்கள் (2012, 2025), ஐரோப்பியக் கோப்பையின் தொடக்க ஆட்டம் (2024), அமெரிக்கக் கால்பந்தின் என்.எஃப்.எல். ஆட்டம் (2022) என்று வரிசையாக அங்கே நடந்தன. 2012ல் கிளப் அருங்காட்சியகம் திறந்தார்கள். ஆட்டம் இல்லாத நாளிலும் ஆள் வரவேண்டும் என்பதுதான் கணக்கு. 2024 ஜனவரியில் பெக்கன்பாவர் மறைந்தபோது ஊர் கூடி அஞ்சலி செலுத்தியதும் அதே இடத்தில்தான்.

சிங்கங்களின் வீழ்ச்சிக்கு ஸ்டேடியம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அது நியாயமாகாது. நிர்வாகக் குளறுபடி, லஞ்ச ஊழல், பிறகு வந்த முதலீட்டாளரோடு நடந்த சண்டைகள் எல்லாம் உண்டு. ஆனால் நிர்வாகம் தடுமாறும் கிளப்புகள் உலகத்தில் ஏராளம். அவை விழுந்து எழுகின்றன. விழும்போது தலையில் ஒரு மலை இருந்தால் எழுவது கஷ்டம்.

பெரிய கனவு காண்பவர்கள் பெரிதாகத்தானே கட்ட வேண்டும், சின்னதாகக் கட்டினால் கிளப் வளராதே என்று சிலர் கேட்கலாம். இதற்குப் பதில் அதே அரீனாவிலேயே இருக்கிறது. 2005ல் 66 ஆயிரம் பேருக்கான இடமாகத் தொடங்கியது, தேவை வந்தபோது படிப்படியாகக் கூட்டி 2015ல் 75 ஆயிரம் ஆனது. ஜெர்மனியின் பணக்காரக் கிளப்பே கூட்டம் வந்த பிறகுதான் இடத்தைக் கூட்டியது. இல்லாத கிளப்புகளுக்கு மட்டும் ஏன் எடுத்த எடுப்பிலேயே அவ்வளவு அவசரம்?

அரசாங்கமே கட்டினால்?

கிளப் கட்டினால் கிளப் கஷ்டப்படும். அரசாங்கம் கட்டினால்? பிரேசிலின் மனாஸ் நகரம் இதைக் காட்டியது. அமேசான் காட்டின் நடுவில் இருக்கும் ஊர். 2014 உலகக் கோப்பைக்காக அங்கே இருந்த பழைய ஸ்டேடியத்தை இடித்துவிட்டு, 40 ஆயிரத்துக்கும் மேல் பேர் உட்காரும் அரீனா ஒன்றை அரசு செலவில் கட்டினார்கள். அழகான கட்டடம், பின்னிய கூடை போன்ற வடிவம். கட்டும்போது குறைந்தது மூன்று தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அங்கே நடந்த உலகக் கோப்பை ஆட்டங்கள் மொத்தம் நான்கு!

அந்த நேரத்தில் அந்த ஊரில் முதல் பிரிவிலோ இரண்டாம் பிரிவிலோ ஆடும் ஒரு கிளப்கூடக் கிடையாது. 2019ல்தான் அமசோனாஸ் எஃப்.சி. என்ற கிளப் பிறந்தது, 2023ல் மூன்றாம் பிரிவுப் பட்டம் வாங்கி இரண்டாம் பிரிவுக்கு ஏறியது. மகிழ்ச்சியான செய்திதான். ஆனால் ஸ்டேடியத்தைக் கட்டிவிட்டு அதற்கான கிளப் பிறக்கக் காத்திருப்பது, தொட்டிலைக் கட்டிவிட்டுப் பெண் பார்க்கப் போவது போல இல்லையா? மியூனிக்கில் நடந்த தவறுக்குக் கிளப் பணம் கட்டியது. இங்கே, ஆட்டமே பார்க்காதவர்களும் சேர்ந்து வரியாகக் கட்டினார்கள்.

கெட்ட வருடத்தின் கணக்கு

விரலுக்குத் தகுந்த வீக்கம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். கிளப்பின் விரல் எவ்வளவு பெரியது என்பதை அது சாம்பியன்ஸ் லீக் வாசலில் நிற்கும் வருடத்தில் அளக்கக் கூடாது. கீழ்ப்பிரிவுக்கு இறங்கி, மழை பெய்யும் ஒரு வெள்ளிக்கிழமை மாலையில், பெயர் தெரியாத அணியோடு மோதும்போது எத்தனை பேர் வருவார்கள்? அதுதான் அளவு. அந்த எண்ணிக்கையை வைத்துத் தவணை கட்ட முடிந்தால் தைரியமாகக் கட்டலாம். முடியாவிட்டால், முதலில் சின்னதாகக் கட்டி, பின்னால் அடுக்கு ஏற்றுவதற்கு அஸ்திவாரத்திலேயே இடம் விட்டுவைக்கலாம்.

சிங்கங்கள் இப்போது எங்கே என்று கேட்டால், கீசிங் பகுதியில் இருக்கும் தங்கள் பழைய க்ரூன்வால்டர் மைதானத்துக்கே திரும்பிவிட்டார்கள். 1911ல் தொடங்கிய, நகராட்சிக்குச் சொந்தமான இடம். 15 ஆயிரம் பேருக்குத்தான் இடம். நிறம் மாறும் சுவரும் கிடையாது, எல்லோர் தலைக்கு மேலும் கூரையும் கிடையாது. 2018ல் அங்கிருந்துதான் மூன்றாம் பிரிவுக்கு ஏறினார்கள்.

அதைச் சொர்க்கம் என்று சொல்ல முடியாது. மேலே ஏற நினைக்கும் கிளப்புக்கு அந்த இடம் போதாது என்பதும் உண்மை. ஆனால் வீட்டிலிருந்து நடந்தே வந்து, பக்கத்தில் நிற்பவரின் தோளில் கை போட்டு, நிரம்பிய மைதானத்தில் ஆட்டம் பார்க்கிறார்கள். 66 ஆயிரம் நாற்காலிகள் கொடுக்காத ஒன்றை அந்த 15 ஆயிரம் இடங்கள் கொடுக்கின்றன. அடுத்த முறை எங்காவது ஒரு பிரமாண்டமான ஸ்டேடியத்தின் வரைபடத்தைக் காட்டினால், திறப்பு விழாவுக்கு யார் வருவார்கள் என்று கேட்க வேண்டாம். தோற்ற மறுநாள் யார் வருவார்கள் என்று கேட்டுப் பாருங்கள்.